ராத்திரி முழுக்க ஓடும் கணினி, அம்மா தூங்கும் அறை

2025 மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கி இன்று மூன்றாம் நாள். திருச்சி உறையூரில் நாங்கள் இருப்பது மாடி போர்ஷன். தலைக்கு நேர் மேலே மொட்டைமாடி. படுக்கையறை ஒன்றுதான். அதில் அம்மாவின் கட்டில், என் பாய், என் வேலை மேசை, மேசைக்கடியில் கணினி.

கட்டட வரைபடங்களை வாங்கி, கட்டி முடித்த வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் வீடியோ செய்து கொடுப்பது என் தொழில். பகலில் கணினியில் வீட்டின் மாடலைக் கட்டும் வேலை. அந்த மாடலைக் கணினி படம் படமாகக் கணக்கிட்டு வீடியோவாக்கும் ரெண்டர் மட்டும் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடும். ஓர் அடுக்குமாடித் திட்டத்தின் வீடியோவை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் ஓட்டாமல் இருக்க வழியில்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் 35.5 டிகிரி. அதே நேரம் வெளியே மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்ட வெப்பமானியில் 30. அம்மாவுக்கு 71 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். பகல் வெயிலில் பட்டதை உடம்பு ஆற்றிக்கொள்வது ராத்திரியில்தான். அந்த ராத்திரியும் கொதித்தால் வயதானவர்களுக்கு அது வெறும் தூக்கக்கேடு இல்லை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை. இந்த ஐந்தரை டிகிரி எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகும் என்று பார்த்தே ஆக வேண்டும்.

மே 7, புதன்

சுவர் பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் ஒன்று நண்பரிடம் இருந்து வாங்கி வந்தேன். ரெண்டர் ஓடும்போது என் கணினி இழுப்பது 440 வாட். சும்மா இருக்கும்போது 70. படக் கணக்கைப் போடும் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, அது இழுக்கும் மின்சார வரம்பு மட்டுமே 320 வாட்.

கணினிக்குள் போகும் கரண்ட் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. படம் உருவாகிறது, கணக்கு நடக்கிறது, ஆனாலும் 440 வாட் உள்ளே போனால் 440 வாட் வெப்பம் அறைக்குள் வந்தே தீரும். தூங்கும் மனிதர் ஒருவரின் உடம்பு விடும் வெப்பம் 80 வாட் போல இருக்கும். அப்படியானால் எங்கள் அறையில் ராத்திரி எங்கள் இருவரோடு இன்னும் ஐந்து பேர் நெருக்கிப் படுத்திருக்கிறார்கள்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி. அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 40 கிலோ. சுவரும் தரையும் சூட்டை வாங்கிக்கொள்ளாமல், எல்லாம் காற்றிலேயே தங்கினால், 440 வாட் ஒரு மணி நேரத்தில் அதை 35 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அப்படி ஏறாததற்குக் காரணம் செங்கல் சுவர். ஆனால் சுவரும் வாங்கியதை வைத்துக்கொண்டு விடியும்வரை திருப்பிக் கொடுக்கிறது.

மே 9, வெள்ளி

தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வாட்டர் கூலிங் போடு என்றார் கணினிக்கடை அண்ணன். சிப்புக்கு நல்லதுதான். சிப்பில் இருந்து சூட்டை வேகமாக எடுத்து எங்கே விடும்? அறைக்குள். கேபினெட்டுக்குள் இன்னும் இரண்டு ஃபேன் வைத்தாலும் இதேதான். கணினியைக் குளிர்ச்சியாக வைப்பது வேறு, அறையைக் குளிர்ச்சியாக வைப்பது வேறு. இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் முதலாவதைப் பற்றித்தான். கார்டு 80 டிகிரியில் ராத்திரி முழுக்க நிம்மதியாக ஓடும், அதற்கென்றே செய்யப்பட்டது. எனக்குக் கவலை அதைப் பற்றி இல்லை.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் வாளி வை என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும். என் கணினி எட்டு மணி நேரத்தில் விடுவது 12,600 கிலோஜூலுக்கும் மேல். அதை ஈடுகட்ட ஒரு ராத்திரிக்கு 38 கிலோ ஐஸ் வேண்டும். அதை வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்தால், அந்த ஃபிரிட்ஜ் அதைவிட அதிகச் சூட்டை ஹாலில் விடும்.

ஏர் கூலர்: திருச்சியில் பகல் காற்று வறண்டிருக்கும்போது உதவும். ஜன்னலை மூடிக்கொண்டு ராத்திரி ஓட்டினால் ஈரம் ஏறி வியர்வை காயாது. முதியவர்களுக்கு வியர்ப்பதே குறைவு. வியர்க்கும் கொஞ்சமும் காயவில்லை என்றால் சீலிங் ஃபேன் இருந்தும் பலனில்லை. ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை, தோல்மேல் உள்ள வியர்வையைக் காயவைக்கிறது, இந்தச் சூட்டில் அதுதான் அதன் முக்கிய வேலை.

ஆக வழி இரண்டே. சூட்டைக் குறைவாக உண்டாக்க வேண்டும், உண்டானதை அறையைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும்.

மே 11, ஞாயிறு

இன்று கணினியைத் தொடவே இல்லை, கூரையை மட்டும் கவனித்தேன். சாயங்காலம் நாலு மணியில் இருந்து மணிக்கொருமுறை சீலிங்கில் கை வைத்துப் பார்த்தேன், வெப்பமானியை ஒட்டவைத்தும் பார்த்தேன். நாலு மணிக்கு மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை, ஆனால் உள்ளே சீலிங் அவ்வளவு சுடவில்லை. ராத்திரி எட்டு, எட்டரைக்குத்தான் உச்சம். மத்தியானம் வாங்கிய வெயில் கான்கிரீட்டைக் கடந்து கீழே வந்துசேர அத்தனை நேரம். பதினொரு மணிக்குமேல்தான் இறங்குமுகம்.

அதாவது நான் ரெண்டரைத் தொடங்கும் பத்து மணிதான் அறைக்கு நாளிலேயே மோசமான நேரம். தளத்தின் சூடும் கார்டின் சூடும் ஒன்றாகச் சேருகின்றன.

பழைய வீடுகளில் தளத்துக்குமேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்துச் சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு என்ற தட்டையான ஓடு பதிப்பார்கள். இந்த வீட்டில் வெறும் சிமெண்ட் பூச்சு, அதுவும் கறுத்துப்போய்விட்டது. கறுப்பு எவ்வளவு வெயிலைக் குடிக்கும் என்று சொல்லவா வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே தண்ணீர் தெளித்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது 2,400 கிலோஜூல் கொண்டுபோகும், ஐஸோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. தெளித்தது எல்லாம் ஆவியாக வேண்டும், குழாயில் வழிந்து ஓடினால் வீண். அதனால் வாளியில் இல்லை, பூச்செடிக்கு ஊற்றும் பூவாளியில்.

மே 14, புதன்

கார்டின் மின் வரம்பை 320 வாட்டில் இருந்து 220 வாட்டுக்கு இறக்கினேன். என்விடியா-எஸ்எம்ஐ என்று கார்டின் டிரைவரோடேயே வரும் நிரலில் ஒரே வரி.

சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு (வோல்டேஜ் இரண்டு மடங்கானால் நாலு மடங்காக) ஏறும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்காக வோல்டேஜை மிக உயர்த்தியே கார்டைக் கடைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கடைசித் துளியை விட்டுக்கொடுத்தால் போதும். முன்பு ஒரு ஃபிரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு படத்துக்கு, 6 நிமிடம், இப்போது 6 நிமிடம் 35 விநாடி. சுவர் மீட்டரில் 440 இருந்த இடத்தில் 325. ஒரு ஃபிரேமுக்கு ஆகும் மொத்தக் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஃபேன் இரைச்சலும் தணிந்தது. "என்னடி, இன்னிக்கு மெஷின் ஓடலையா?" என்று அம்மா கேட்டாள்.

விலை கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் இழக்க வேண்டும் என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஒரு ராத்திரியில் ஒரு மணி நேர வேலை தள்ளிப்போகிறது, அவ்வளவே. படுக்கையறையில் கணினி ஓடுகிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நிச்சயமாகச் சொல்வேன். பைசா செலவில்லை.

மே 15, வியாழன்

இன்னொரு குறைப்பு ரெண்டர் அமைப்பிலேயே. பிளெண்டர் என்ற என் 3டி மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரில், ஒரு புள்ளிக்கு எத்தனை தடவை ஒளியைக் கணக்கிடுவது என்ற சாம்பிள் எண்ணிக்கையை 1,024-ல் இருந்து 400-க்கு இறக்கி, மிஞ்சும் புள்ளிப்புள்ளிக் கறையை அழிக்கும் டீநாய்ஸ் போட்டேன். வெளிச்சம் நன்றாக விழும் ஹால், சமையலறைக் காட்சிகளில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பால்கனியின் துளைபோட்ட ஜாலித் தடுப்பும் செடி இலைகளும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுக்குகின்றன. அந்தக் காட்சிகளை மட்டும் பழைய எண்ணிக்கைக்கே திருப்பிவிட்டேன். மற்றவை மூன்று நிமிடத்துக்குள் முடிகின்றன.

வேலை முடிந்ததும் கணினி தானாக அணைந்துவிட ஏற்பாடு செய்தேன். சும்மா கிடக்கும் 70 வாட்டும் ஓர் ஆளின் சூடுதான்.

மே 18, ஞாயிறு

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து வென்டிலேட்டரில் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். பெட்டியில் மணிக்கு 500 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது. எங்கள் அறைக்கொள்ளளவு 34. சுவரில் மாட்டி, ஷட்டர் எல்லாம் போட்டபின் பாதிதான் இழுக்கும் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏழு தடவை காற்று மாறும். அந்த ஓட்டத்தில் 325 வாட்டைச் சுமந்துபோகும் காற்று வெளிக்காற்றைவிட நாலு டிகிரிதான் கூடுதலாக இருக்கும்.

எங்கே இருந்து காற்று உள்ளே வருகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஹால் கதவு திறந்திருந்தால், சமைத்து முடித்த அடுப்பங்கரைச் சூட்டை ஃபேன் இழுத்து அம்மா தலைமாட்டுக்குக் கொண்டுவருகிறது. கதவைச் சாத்தி, எதிர்ச்சுவர் ஜன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் திறந்தால், வெளிக்காற்று கட்டிலைத் தொட்டுக்கொண்டு வந்து மேலே ஏறிப் போகிறது. கணினியை மேசைக்கடியில் இருந்து எடுத்து வென்டிலேட்டருக்கு நேர் கீழே வைத்தேன், பின்பக்கம் சுவரைப் பார்த்து, ஒரு சாண் இடைவெளி விட்டு.

ஜன்னல் கொசுவலையில் தூசி அடைத்து துணிபோல் ஆகியிருந்தது. கழட்டி சோப்பு போட்டுக் கழுவியதும் காற்று வரும் வேகமே வேறு.

ராத்திரி ஒன்பது மணிக்கு இதனால் லாபம் ஒன்றும் இல்லை, வெளியே 34. பன்னிரண்டுக்குமேல்தான் பலன்.

அண்ணனிடம் ஹால் பிளக்கையும் காட்டினேன். கணினியை அங்கேயே கொண்டுபோய்விட்டால் எல்லாம் தீரும், ஆனால் அந்த பிளக்குக்கு எர்த் கிடையாது. எர்த் இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க ஓடும் இயந்திரத்தை வைக்க மனசு வரவில்லை. "மெயின் போர்டுல இருந்து புது ஒயர் இழுக்கணும்மா, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார்.

மே 20, செவ்வாய்

இப்போது ரெண்டர் தொடங்குவது ராத்திரி ஒரு மணிக்கு. நேரம் குறித்து வைத்தால் தானே தொடங்கிக்கொள்கிறது. இரண்டு மணி அளவு: அறையில் 32, வெளியே 30.

பெங்களூரில் இருந்து தம்பி பேசினான். ஏசி போட்டுவிடேன் என்கிறான். ஒரு டன் ஏசி மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேற்றும். 325 வாட் அதற்கு ஒரு பொருட்டில்லை, பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கணினியின் சூட்டை வெளியே தள்ள ஏசி கூடுதலாக நூறு வாட் போல இழுக்கும், ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை கரண்ட் பில். கூரைக்கும் ஒன்றும் செய்யாமல் ஏசி மட்டும் மாட்டினால், அது ராத்திரி முழுக்கத் தளத்தோடுதான் போராடும். அம்மாவுக்கோ மூட்டுவலி, குளிர்காற்று ஆகாது. இந்த வருஷம் வேண்டாம்.

மே 26, திங்கள்

கேரளத்தில் பருவமழை 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று இங்கே வந்து சேர்ந்தாயிற்று. மழை இல்லை, காற்று மட்டும். எங்கள் ஜன்னல் மேற்குப் பக்கம் என்பதால், ஃபேன் இழுக்காமலேயே காற்று உள்ளே வந்து வென்டிலேட்டரில் வெளியேறுகிறது. கூடவே மண்ணும் வருகிறது. கேபினெட்டின் முன்பக்க வடிகட்டியைத் துடைத்து வைத்தேன்.

வீடியோவில் இனி பால்கனிக் காட்சிகள் மட்டுமே பாக்கி.

மே 29, வியாழன்

கத்திரி நேற்றோடு முடிந்தது. வீட்டுக்காரர் சரி என்றதும் அண்ணன் வந்து ஹாலுக்கு எர்த் ஒயரோடு மூன்று பின் பிளக் போட்டுக்கொடுத்தார். கணினி இப்போது ஹால் ஜன்னலோரம், ஃபிரிட்ஜில் இருந்து தள்ளி. அறையில் மடிக்கணினி மட்டும், நெட்வொர்க் கேபிள் வழியே அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். மின் வரம்பு 220-லேயே இருக்கட்டும். ஹால் சூடும் கதவிடுக்கில் வரும் சூடுதானே.

அறையில் ராத்திரி இரண்டு மணிக்கு 30.5, வெளியே 29. அம்மா நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவள், இன்று ஆறு மணிவரை அசையவில்லை. எழுப்பாமல் நானே பால் வாங்கி வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

வீடியோ கொடுத்தாயிற்று, அடுத்த வேலையும் வந்துவிட்டது. அறையில் மிச்சம் இருக்கும் அந்த ஒன்றரை டிகிரி பெரும்பாலும் கூரையின் கணக்கு. வீட்டுக்காரரிடம் தட்டோடு பற்றிப் பேசினேன், இப்போதைக்கு அவ்வளவு செலவு முடியாது என்றார். நாங்களே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளச் சம்மதம். நீற்றிய சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பியும் வருகிறான். காலை ஆறு மணிக்கே மேலே ஏறிவிட வேண்டும், தளம் சூடேறியபின் அடித்தால் சுண்ணாம்பு பிடிக்காமல் பொடியாக உதிரும்.