ஏஜென்சி ஆனோம், நாற்காலிக் கணக்கில் மாட்டினோம்

அரசின் வேலைகளைத் தலைமை நிர்வாகி ஒருவரின் கீழ் தனித்து இயங்கும் பிரிவுகளாக, அதாவது ஏஜென்சிகளாக, மாற்றச் சொன்ன 'அடுத்த படிகள்' அறிக்கை 1988-இல் வந்த பிறகு, பிரிட்டன் அரசில் அந்தப் பேச்சு இல்லாத அலுவலகமே கிடையாது என்றானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் முறை. லண்டனில் ஒரு துறையின் உள்சேவைப் பிரிவு எங்களுடையது: அச்சு, தபால், கட்டடப் பராமரிப்பு, சம்பளப் பட்டியல்.

இழுத்து மூடலாமா, விற்கலாமா, வெளியே கான்ட்ராக்ட் விடலாமா என்ற பரிசீலனை தொந்தரவில்லாமல் முடிந்தது. தலைமை நிர்வாகியும் வந்து சேர்ந்தார். அரசு வேலை போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு, அரசு ஊழியர்களாகவேதான் இருப்போம் என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

இடித்தது சொத்துப் பட்டியலில். தனிக் கணக்கு காட்ட வேண்டுமென்றால் எது நம்முடையது, அதன் மதிப்பு என்ன என்று தெரிய வேண்டும். கணக்குப் பிரிவில் கேட்டேன். "பதிவேடு கட்டட அலுவலகத்தில் இருக்கும்" என்றார் ஒருவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். நகரத்தின் மறுகோடியில் இருந்தது அது. அரை நாள் போனது. அங்கே இருந்ததோ சாவிகளின் பட்டியல்! அப்போதெல்லாம் அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையில்தான்; வாங்கிய வருடமே முழுச் செலவாக எழுதிவிடுவார்கள். வருடா வருடம் மதிப்பைக் குறைத்துத் தேய்மானம் போடாத இடத்தில் பதிவேட்டை யார் வைத்திருப்பார்? கடைசியில் இரண்டு பேர் அறை அறையாகப் போய் நாற்காலி முதல் அச்சு இயந்திரம் வரை எண்ணினோம். இயந்திரங்களை வாங்கிய தேதி மெக்கானிக் ஒருவரின் பழைய நோட்டில் கிடைத்தது. அன்றைக்கு அவருக்கு டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் துறைக்கும் எங்களுக்கும் இடையிலான சேவை ஒப்பந்தம். ஏஜென்சி தனிச் சட்ட அமைப்பு அல்ல. துறையும் நாமும் ஒரே அரசு. சண்டை வந்தால் கோர்ட்டுக்குப் போக முடியாது. தகராறை யார் தீர்ப்பது என்று எழுத மறந்தோம், வரைவு திரும்பி வந்தது. அந்தப் பத்தியை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

துறைக்குச் செய்யும் வேலைக்கு விலை வைக்கும்போதும் கவனம் தேவை. இலவசமாக இருந்தவரை ஒரு காகிதத்துக்கு மூன்று முறை ஆளனுப்பச் சொன்னவர்கள், பில் வந்ததும் தாங்களே நடந்து போனார்கள். வேலை குறைந்தது, சம்பளச் செலவு குறையவில்லை. மிச்சமிருந்த ஒவ்வொரு வேலைக்கும் விலை ஏறியது. துறைக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஏஜென்சி தொடங்கி இரண்டு வாரம் இருக்கும், கணக்குப் பிரிவிலிருந்து அதே மனிதர் போன் செய்தார். எங்கள் சொத்துப் பட்டியலுக்கு ஒரு பிரதி வேண்டுமாம்.