பெரிய மாத்திரை

பார்மசி கல்லூரியில் ஆசிரியராகி இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆராய்ச்சி முழுக்க ஒரே விஷயத்தில்தான்: விழுங்கிய மருந்தை உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வைப்பது.

பிஎச்டிக்கு எடுத்த மருந்து, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின். தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஹெச்பிஎம்சி என்ற பாலிமரைச் சேர்ப்போம். வெந்தயத்தை ஊறப்போட்டால் மேலே கொழகொழவென்று வருமே, அதுபோல ஈரம் பட்டதும் மாத்திரையைச் சுற்றி ஒரு கூழ் உருவாகும். மருந்து அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். நேரம் ஆக ஆக, தாண்ட வேண்டிய தூரமும் கூடும். களிம்பிலிருந்து மருந்து எவ்வளவு வேகத்தில் வெளிவரும் என்று கணக்கிட 1961-இல் ஹிகுச்சி என்ற விஞ்ஞானி எழுதிய சமன்பாட்டைத்தான் நாங்கள் மாத்திரைக்கும் போட்டுப் பார்ப்போம். அதன்படி 25 சதவீதம் வெளிவர ஒரு மணி நேரம் ஆனால், 50 சதவீதம் வர நாலு மணி நேரம் ஆகும்.

சோதனை நாள் என்றால் விடியற்காலையிலேயே லேபுக்குப் போய்விடுவேன். ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் 900 மில்லி திரவமும் ஒரு மாத்திரையும், சூடு 37 டிகிரி, கலக்கும் துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. எவ்வளவு மருந்து வெளிவந்திருக்கிறது என்று பார்க்க மணிக்கொரு தடவை ஐந்து மில்லி எடுத்து, அதே அளவு புதுத் திரவத்தை ஊற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் இப்படியே ஓடும். ஒருமுறை ஒன்பதாவது மணியில் கரண்ட் போனது. துடுப்புகள் நின்றன, தண்ணீர் ஆறத் தொடங்கியது. அன்றைய உழைப்பு முழுதும் வீண். குடுவையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தேன். நுங்குபோல உப்பி, விரல் நுனியில் வழுக்கியது.

ஒருவழியாக, மருந்து நேரத்துக்கு எவ்வளவு வெளிவருகிறது என்று காட்டும் கிராஃபில் நான் விரும்பிய வளைவு கிடைத்தது. பாலிமரைக் கூட்டிக்கொண்டே போனதில் கிடைத்தது. 500 மில்லிகிராம் மருந்துக்கு மாத்திரையின் எடை ஒரு கிராமைத் தொட்டது. அப்போது அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் எழுதியது இதே வகை மாத்திரை. ஒருநாள் டப்பாவைத் திறந்தால் எல்லாம் அரை அரையாக இருந்தன.

"தொண்டையில மாட்டிக்குதுடி. அதான் ரெண்டா உடைச்சு, வாயில கடிச்சு முழுங்கிடறேன்" என்றார் அம்மா.

கடித்துவிட்டால் கூழும் இல்லை, தடையும் இல்லை. பொழுதெல்லாம் சிறுகச் சிறுக வர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அடிக்கடி வயிற்றைப் புரட்டுகிறது என்று அவர் சொன்னது அதனாலும் இருந்திருக்கலாம். டாக்டரிடம் சொல்லி, சாதாரண மாத்திரையை வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போடும்படி மாற்றி வாங்கினோம்.

அன்றிலிருந்து மாணவர்கள் கிராஃபைக் காட்ட வந்தால், முதலில் மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் ஒரு பெண் எடையை 1050-லிருந்து 820 மில்லிகிராமுக்குக் குறைத்திருக்கிறாள். ஆனால் முதல் மணி நேரத்திலேயே மருந்து அதிகமாக வந்துவிடுகிறது. பாலிமரின் துகள் அளவை மாற்றிப் பார்க்கலாம் என்கிறாள். சரியான யோசனைதான். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடியும் குடுவைகளை நிரப்புகிறோம்.