ஒரு பூவைத் திறந்த விரல்கள்

உணவு எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் புனைவல்லாத நூல்களை நான் வாசிக்கத் தொடங்கியபோது, எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்பதற்கு விடை தேடினேன். அத்தகைய அறிவுரை நூல்கள் இரண்டு மூன்றிலேயே சலித்துவிட்டன. ஒரே பயிரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கடல் தாண்டிப் போகும் நூல்களில்தான் மனம் நின்றது. அவற்றில் பயிரோடு மனிதர்களும் வருகிறார்கள்.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட வெனிலாக் கொடி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் என்னும் பிரெஞ்சுத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. கொடி செழித்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. பூவின் ஆண் உறுப்புக்கும் பெண் உறுப்புக்கும் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. தாயகத்தில் அதைக் கடந்து மகரந்தம் சேர்த்த பூச்சிகள் தீவில் இல்லை. 1841இல், எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் அத்தடுப்பை உயர்த்திப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்துவிட்டான். அந்தப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும் என்பதால், வேகமும் நுட்பமும் ஒருங்கே வேண்டிய வேலை அது. இன்றும் தோட்டங்களில் ஏறக்குறைய இதே முறையில்தான் வெனிலாவைக் காய்க்க வைக்கிறார்கள்.

புகழ்பெற்ற தாவரவியலாளர் ஒருவர், அம்முறையைத் தானே கற்பித்ததாகப் பின்னர் உரிமை கொண்டாடினார். அதை மறுத்துச் சிறுவனுக்காக எழுதியவர் அவனுடைய எசமானரே. 1848இல் அடிமை முறை ஒழிந்தபோது எட்மோனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது, செல்வம் கிடைக்கவில்லை. 1880இல் அவர் வறுமையில் இறந்தார். எசமானர் பேனா எடுக்காதிருந்தால், அறிஞரின் சொல்லே வரலாறாக நின்றிருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை நெடுநேரம் உறுத்தியது.

பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகெங்கும் விதை சேர்த்த நிக்கொலாய் வாவிலோவ், 1943இல் சோவியத் சிறையில் இறந்தார். அவர் திரட்டிய விதைகளை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டிருந்தபோது காத்த ஊழியர்களில் சிலர், அத்தனை தானியத்தையும் தொடாமல் பட்டினியால் மடிந்தார்கள். வாவிலோவின் பெயரை அறிந்த பலருக்கும் அந்த ஊழியர்களின் பெயர்கள் தெரியாது.

ஆகையால் இப்போதெல்லாம் இவ்வகை நூலொன்று கைக்கு வந்தால், முன்னுரைக்கு முன்பே கடைசிப் பக்கங்களின் பெயரடைவைப் புரட்டுகிறேன். ஆளுநர்களும் வணிகர்களும் அங்கே நிறைந்திருக்கிறார்கள். நட்டவர், பறித்தவர், சுமந்தவர் என்று எவர் பெயராவது கண்ணில் பட்டால், அவர் வரும் பக்கத்திலிருந்தே வாசிப்பைத் தொடங்குகிறேன்.