பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க் வாங்குவதற்கு முன் ஹப்பைப் பாருங்கள்

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்லிப் பாருங்கள். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும் முன்பே "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு, மாத்திடலாம்" என்று பதில் வந்துவிடும். டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், கோளாறு என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் அது ஏன் அப்படி ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. என் வண்டியில் புது டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் புது பேட் எல்லாம் போட்டு, கொஞ்ச நாள் வெண்ணெய் மாதிரி நின்றது, அப்புறம் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல்.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பிரேக்கைத் தொடாமல் 80, 100 வேகத்தில் சீராகப் போகும்போதும் ஆட்டம் இருந்தால் வீல் பேலன்சிங், டயர், ரிம் இவற்றைப் பாருங்கள், பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம் பக்கம் சந்தேகப்படலாம். திடீரென்று ஓங்கி மிதிக்கும்போது மட்டும் பெடல் கடகடவென்று காலை உதைத்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வேகம் 100ல் இருந்து குறையும்போது பயங்கரமாக உதறும், 50க்குக் கீழே வந்ததும் ஒன்றும் தெரியாது. சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண கார் சக்கரம் நொடிக்குச் சுமார் 14, 15 தடவை சுற்றுகிறது, சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் தாமாகவே ஆட விரும்பும் வேகமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அதனால் அங்கே பெரிதாகத் தெரிகிறது, கீழே வந்ததும் அடங்கிவிடுகிறது. கோளாறு அப்படியேதான் இருக்கும்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். சூட்டில் டிஸ்க் வளைந்துவிடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே சில வண்டிகளில் கையில் தெரிந்துவிடும், கண்ணால் பார்த்தால் டிஸ்க் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும். பேட் தடிமனான இடத்தில் இறுக்கிப் பிடிக்கும், மெலிந்த இடத்தில் விடும், இது ஒவ்வொரு சுற்றிலும் நடப்பதால் சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் டை ராட் வழியாக ஸ்டியரிங்கை இழுத்து இழுத்து விடுகிறது.

தடிமன் ஏன் மாறுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதிதான் ஹப். டிஸ்க் அந்த ஹப்பின் மேல் நேராக உட்காரவில்லை என்றால், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை லேசாக உரசிக்கொண்டே போகும். நாளாக நாளாக அந்த இடம் மட்டும் தேயும். புது டிஸ்க் ஆரம்பத்தில் நன்றாக இருந்து பிறகு உதறுவதற்குக் காரணம் இதுதான், தேய்வதற்கு அதற்கும் நேரம் வேண்டுமே!

இரண்டாவது தடவை நானே பக்கத்தில் நின்று கழற்றச் சொன்னேன். பழைய டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தில், வீல் நட் ஏறும் ஸ்டட் ஒவ்வொன்றையும் சுற்றி, துரு ஏடு ஏடாக எழும்பி நின்றது. நகத்தால் நெருடினால் மேடு தெரிந்தது. முதல் தடவை அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து நட்டை முடுக்கியிருக்கிறார்கள். டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது முள் 0.12 மில்லிமீட்டர் வரை ஆடியது. பல வண்டிகளுக்கு 0.05 முதல் 0.1 வரைதான் அனுமதி, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கம்பி பிரஷ்ஷும் எமரி தாளும் கொண்டு இரும்பு தெரியும் வரை தேய்த்து, டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளித் திருப்பிப் போட்டதும் முள் 0.04க்குள் வந்து நின்றது. அளக்கும்போது டிஸ்க்கை வீல் நட்டால் வாஷர் வைத்து இறுக்கியிருக்க வேண்டும், சும்மா தொங்கவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது வீல் நட். இம்பாக்ட் கன்னை வைத்து டர்ர்ரென்று ஒரு நட்டை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் இறுகி டிஸ்க் கோணுவதற்கு அது போதும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, கடைசியில் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்றால், சீவலாம், தடிமன் மிச்சமிருந்தால். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், மைக்ரோமீட்டரால் ஏழெட்டு இடத்தில் அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீலம் பாய்ந்த கறைகள் இருந்தால் நான் சீவ மாட்டேன். அதிகச் சூட்டில் இரும்பு அங்கங்கே கடினமாகிவிடும், அந்த இடங்கள் மற்ற இடங்களைப் போலத் தேயாமல் மறுபடி மேடாக எழும்பி நிற்கும்.

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ், பால் ஜாயின்ட் இரண்டையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை உதறலை உண்டாக்குவது அபூர்வம், ஆனால் சின்ன உதறலைப் பெரிதாக்கிக் காட்டும்.

புது பேட் போட்டதும் ஆளில்லாத ரோட்டில் 60ல் இருந்து 15 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள், இப்படி ஏழெட்டுத் தடவை. பிறகு பிரேக் ஆறும் வரை சும்மா ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால் பேட் பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து இறங்கியதும் இரண்டு முன் ரிம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மற்றதைவிட நன்றாகவே சுட்டால் அந்தப் பக்கம் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகிக் கிடக்கிறது, அதைப் பிரித்துச் சரி செய்யாமல் விட்டால் இந்த டிஸ்க்கும் போய்விடும்.