ஐந்தாவது தீட்டலுக்குப் பிறகு சொல்கிறேன்

மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி புதிதாக ஒன்று எங்கள் தச்சுப் பட்டறைக்குள் வந்துவிட்டால் அன்று யாருக்கும் வேலை ஓடாது. போன மாதம் அப்படித்தான் ஆனது. எங்களில் இளையவரான தம்பி, விற்பனைக்கு வந்து சில வாரங்களே ஆன நான்காம் எண் அளவு இழைப்புளியைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எண்ணெய்த் தாளைப் பிரித்ததும் பைன் பலகை ஒன்றை வைஸில் மாட்டி ஆளுக்கு ஒரு தள்ளு தள்ளினோம். சீவல் வெங்காயச் சருகுபோல வந்து விழுந்தது. ஒருவர் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். 0.02 மில்லிமீட்டர். உடனே பேச்சு சூடுபிடித்தது. எஃகு எந்த வகை, அடிப்பாகம் எவ்வளவு சமம், பிளேடு எட்டிப்பார்க்கும் வாய் எவ்வளவு குறுகல், எடை கூடுதலா குறைவா என்று ஒரு மணி நேரம் போயிற்று.

"அக்கா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்றார் தம்பி.

"ஐந்து முறை பிளேடைக் கழற்றித் தீட்டி மாட்டிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன்" என்றேன்.

அவர் யோசிக்காமல் இழைப்புளியை என் பக்கம் தள்ளி, "அப்படியானால் ஒரு மாதம் நீங்களே வைத்திருங்கள்" என்றுவிட்டார். அந்த மாதத்தின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேர் நார் ஓடும் பைன் பலகையில் மெல்லிய சீவல் எடுப்பது இழைப்புளிக்குச் சோதனையே அல்ல. கூர் இருந்தால் எந்த இழைப்புளியும் அதைச் செய்யும். என் மேசையில் பெரும்பாலும் தேக்குதான். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. மணலைச் சீவுவதுபோலக் கூரைத் தின்றுவிடும். முழுநாள் இழைக்கும்போது நான்கு முறையாவது பிளேடைக் கழற்றுகிறேன். கழற்றுவதும் தீட்டுவதும் சில நிமிட வேலை. பிளேடின்மேல் திருகிவைக்கும் மேல்தகட்டைப் பொருத்தி, சாய்வில் உட்காரவைத்து, இறுக்கி, ஆழம் பார்த்து, இரு ஓரமும் சமமாகக் கடிக்கும்வரை சரிசெய்து, பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்தான் இழைப்புளிக்கு இழைப்புளி வித்தியாசம். அது பத்து நிமிடம் எடுத்தால் கை தானாகவே தீட்டுவதைத் தள்ளிப்போடும். "இந்தப் பலகை முடியட்டும், இன்னும் ஒரு பலகை முடியட்டும்" என்று மழுங்கிய பிளேடைத் தோள்பலத்தால் தள்ளுவோம். பலகை கெடுவது அங்கேதான். நார் பிய்ந்த பலகைகளை நினைத்துப் பார்த்தால், என்னைப் பொறுத்தவரை அவற்றில் பாதிக்குமேல் மழுங்கலால் வந்தவை. அந்த மழுங்கலும் மறுபடி மாட்டுவதில் உள்ள அலுப்பால் வந்தது.

இந்தச் சிக்கல் பழையது. இத்தாலியின் பொம்பெயியிலும் இங்கிலாந்தின் சில்செஸ்டரிலும் கிடைத்த ரோமானிய இழைப்புளிகளைப் படத்தில் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்: ஓர் உடல், ஒரு பிளேடு, அதைப் பிடிக்க ஓர் ஆப்பு. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் தச்சர்கள் சுத்தியலால் பின்னால் ஒரு தட்டு, முன்னால் ஒரு தட்டு என்றுதான் ஆழம் வைத்தார்கள். கை பழகியவர்களுக்கு அது வேகமான முறை. மர இழைப்புளியில் இன்றும் அப்படித்தான். ஆனால் பழக ஆண்டுக்கணக்கு ஆகும். அமெரிக்கரான லெனார்ட் பெய்லி அந்த ஆண்டுகளைத்தான் ஒரு சக்கரத்துக்குள் சுருக்கினார். ஸ்டான்லி நிறுவனம் 1869இல் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. பிளேடுக்குப் பின்னால் விரல் எட்டும் தூரத்தில், ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பித்தளைச் சக்கரம் இன்றுவரை பெரும்பாலான உலோக இழைப்புளிகளில் அதே இடத்தில் இருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சக்கரத்தை. எஃகு அதற்கு அப்புறம்.

தம்பியின் இழைப்புளியில் சக்கரம் மிக நன்றாக இருந்தது. முன்னால் திருகிவிட்டுப் பின்னால் திருகும்போது, பிளேடு அசையாமல் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும் தூரம் ஒன்று உண்டு. என் பழைய இழைப்புளியில் அது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. இதில் கால் சுற்றுதான். பிளேடின் கனம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பழைய ஸ்டான்லி பிளேடுகள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். கனமான பிளேடு அதிராமல் அழுந்தி உட்காரும். பழைய உடலில் கன பிளேடைப் போட்டால் சக்கரத்தோடு சேர்ந்த நாக்கு பிளேடின் துளையைத் தாண்டி எட்டாமல் போவதும், வாயை அரத்தால் அகலமாக்க வேண்டிவருவதும் உண்டு. இதில் உடலையே அந்தக் கனத்துக்காக வார்த்திருக்கிறார்கள். வாய்க்கு அருகே பிளேடின் இரு பக்கமும் சிறு திருகுகள் வேறு. வெரிடாஸ் என்ற கருவி நிறுவனத்தின் இழைப்புளிகளில் இந்த ஏற்பாட்டை முன்பே பார்த்திருக்கிறேன். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பிளேடு பக்கவாட்டில் நகராது. கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு திருகுகளுக்காகவே நான் ஒரு இழைப்புளியை வாங்குவேன்.

இரண்டாவது வாரம்தான் உண்மையான வேலை வந்தது. மேசைப் பலகை ஒன்று, நடுவில் ஒரு கணு. கணுவைச் சுற்றி நார் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும்; எந்தத் திசையில் தள்ளினாலும் ஓர் இடத்தில் எதிர் நார். முதல் தள்ளிலேயே கணுவின் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு பிய்ப்பு. நிறுத்திவிட்டுப் பிளேடைக் கழற்றினேன். மேல்தகடு கூரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பின்னால் இருந்தது.

மேல்தகடு பிளேடை விறைப்பாகப் பிடிக்க மட்டுமே இருக்கிறது என்று நானும் பல காலம் நம்பியிருந்தேன். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கட்டோ, கவாய் என்ற இரு பேராசிரியர்கள் சீவல் உருவாவதை மிக நெருக்கமாகப் படம்பிடித்திருந்தார்கள். மேல்தகடு தள்ளி இருந்தால் மரம் கூருக்கு முன்னாலேயே பிளந்துகொண்டு ஓடுகிறது; அந்தப் பிளவு உள்ளே இறங்கும்போது நார் பறிகிறது. மேல்தகட்டைக் கூருக்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர்வரை நெருக்கினால், சீவல் அந்த விளிம்பில் மோதி மடங்கி, பிளவு ஓடுவதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றே பட்டறையில் செய்து பார்த்தவள் நான்.

அந்த அளவைக் கருவியால் வைக்க வேண்டியதில்லை. வெள்ளைத் துணிமேல் பிளேடைப் படுக்கவைத்து, மேல்தகட்டைக் கூரை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். பிளேடின் விளிம்பில் ஒளி படும் பட்டை நூலிழையாகச் சுருங்கும்போது நிறுத்த வேண்டும். திருகை இறுக்கும்போது தகடு மயிரிழை முன்னால் ஊர்வது வழக்கம். அதனால் சற்றுப் பின்னாலேயே நிறுத்தி இறுக்குவது நல்லது.

குறை வெளிப்பட்டதும் அங்கேதான். இறுக்கிவிட்டு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மேல்தகட்டின் இடது மூலையில் ஒரு கீற்று வெளிச்சம். தகடு பிளேடோடு முழுதும் பொருந்தவில்லை. இரண்டு தள்ளுக்குள் அந்த இடுக்கில் சீவல் புகுந்து வாய் அடைத்துக்கொண்டது. எனக்குக் கோபமே வந்தது. இத்தனை நுட்பமாகச் சக்கரத்தையும் திருகுகளையும் செய்தவர்கள், மரம் நேராக வந்து மோதுகிற ஒரே விளிம்பைச் சரிபார்க்காமல் எப்படிப் பெட்டியில் வைத்தார்கள்? இது முதல் இழைப்புளியாக ஒருவர் கையில் கிடைத்திருந்தால், வாய் அடைப்பது தன் கைக்குற்றம் என்றே நினைத்திருப்பார். எனக்குப் பத்து நிமிட வேலை. தீட்டுக்கல்லின் ஓரத்தில், தகட்டின் பின்பகுதியைக் கல்லின் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துத் தேய்த்தேன். அப்படிச் செய்தால் நுனி மட்டும் பிளேடில் முதலில் அழுந்தும். பிறகு நுனியின் முன்முகத்தைச் சற்றுச் செங்குத்தாக்கி மெருகேற்றினேன்.

மறுபடி மாட்டித் தள்ளியபோது சத்தமே மாறிவிட்டது. சீவல் சுருளாமல் வாயிலிருந்து நேராக எழுந்து நின்றது. மேல்தகடு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கணுவின்மேல் போய்வந்தேன். அரிசி அளவுப் பிய்ப்பு நான்கு தள்ளில் மறைந்தது. உள்ளங்கையை வைத்தால் நார் ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றாகவே பட்டன. உப்புத்தாளே தேவைப்படவில்லை.

எஃகுபற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். பொடி உலோக முறையில் செய்த எஃகுகள் இப்போது பேச்சில் அதிகம் அடிபடுகின்றன; வெரிடாஸின் பி.எம்.-வி11 வந்தது 2012இல். தேக்கில் அது கூரை நெடுநேரம் தாங்குகிறது, மறுக்கவில்லை. தீட்டுவதற்கு வைரத்தகடு வைத்திருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. என்னிடம் இருப்பது கல். பழைய ஓ1 எஃகு கல்லில் சில இழுப்பிலேயே பிசிறு விட்டு, கூர் ஏறிவிடுகிறது. அடிக்கடி தீட்டத் தயங்காதவருக்கு அது போதும்.

பிளேடின் கூருக்காகச் சாய்த்துத் தீட்டிய முகமான சரிவு மேற்புறம் இருக்கும்படி மாட்டும் தாழ்கோண இழைப்புளிகளையும் பலர் முதல் கருவியாகச் சிபாரிசு செய்கிறார்கள். பிளேடு உட்காரும் படுக்கை 12 டிகிரி, பிளேடின் சரிவு 25 டிகிரி என்றால் வெட்டும் கோணம் 37. சரிவை 38ஆகத் தீட்டினால் 50. பலகையின் குறுக்கு முனையை இழைக்க 37 டிகிரி அருமை. ஆனால் அதில் மேல்தகடு கிடையாது. சிக்கலான நாருக்குக் கோணத்தை உயர்த்துவது ஒன்றே வழி, அதற்குத் தனி பிளேடு. போதாதற்குத் தேய்மானம் பிளேடின் தட்டைப் பக்கத்தில் விழுகிறது, அதைத் தீட்டி எடுப்பது கடினம். என்னிடம் ஒன்று இருக்கிறது. குறுக்கு முனைக்கு மட்டும் எடுக்கிறேன்.

கைப்பிடி பற்றியும் ஒரு வார்த்தை. என் கை சிறியது. இந்த இழைப்புளியின் கைப்பிடி பெரிய உள்ளங்கைக்காகச் செதுக்கியது. மூன்று விரல் பிடித்து ஆள்காட்டி விரலை முன்னால் நீட்டுவதுதான் முறை. நான் பிடித்தால் அந்த மூன்று விரலே முழுதும் சுற்றி வருவதில்லை. மூன்றாம் நாள் கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம். 2014இல் வெரிடாஸ் வெளியிட்ட வரிசையில் கைப்பிடியையும் முன்குமிழையும் பிளேடின் சாய்வையும் வாங்குபவரே தேர்ந்துகொள்ள வழி இருந்தது. மற்றவர்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மரவேலை செய்யும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நாள் முழுக்கப் பிடித்துத் தள்ளுகிற கருவியில் கை பொருந்துவது ஆடம்பரம் அல்ல.

அதே பெட்டியில் தம்பி நான்கு உளிகளும் வாங்கியிருந்தார். பக்கவாட்டு விளிம்பு நன்கு மெலிந்திருக்கிறது, மூட்டின் மூலைக்குள் இடிக்காமல் நுழைகிறது, பின்பக்கமும் சமம். நல்ல உளிகள், வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது தீட்டலின்போது நேரம் பார்த்தேன். கழற்றியதிலிருந்து முழு அகலச் சீவல் வரும்வரை ஆறு நிமிடம். அதில் மாட்டிச் சரிசெய்ய ஒன்றரை நிமிடம். என் பழையதில் அதற்கே ஐந்து நிமிடம் ஆகும். நேற்று தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன். என் எதிரிலேயே பிளேடைக் கழற்றித் தீட்டி மாட்டினார். முதல் சீவல் ஒரு பக்கம் தடித்து வந்தது. பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்கும் நெம்புகோலை இலேசாகத் தட்டினார். இரண்டாவது முழு அகலத்துக்கு வந்தது. அதை அளக்காமல் அடுத்த பலகையை வைஸில் மாட்டினார். மேல்தகட்டின் இடது மூலையை மட்டும் அடுத்த முறை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.