ஓவர்கிளாக்: முதலில் ரேம், அப்புறம் பிராசசர்

ஓவர்கிளாக் என்றால் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பிராசசர் ஓவர்கிளாக் சரியாக அமையவில்லை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஹேங் ஆகும், நீலத்திரை வரும், குறை வெளிப்படையாகத் தெரிந்துவிடும். ரேம் அப்படியில்லை. ஒரு பிட் புரண்டாலும் சத்தமே இல்லாமல் நீங்கள் சேமிக்கும் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் ஃபைல் திறக்காமல் அடம்பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதனால் பேக்கப் எடுத்துவிட்டு, பயாஸை (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, பிராசசரைத் தொடாமல் ரேமை மட்டும் முதலில் முடியுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பிழை எதனால் வந்தது என்று பிடிக்கவே முடியாது.

இரண்டு ரேம் என்றால், பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய ஸ்லாட்கள். நான்கு ரேம் போட்டு உச்ச வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ரேமிலேயே பதிந்து வரும் ரெடிமேட் வேக ப்ரொஃபைல்களான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டுமே ஓவர்கிளாக்தான். டிடிஆர்5-இன் அடிப்படை வோல்டேஜ் 1.1, ப்ரொஃபைல் போட்டால் 1.35 அல்லது 1.4 வரை போகும். வேகத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். சிஎல் எண்ணை (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் கிளாக் எண்ணிக்கை) 2000 ஆல் பெருக்கி, ரேம் வேகத்தால் வகுத்தால் நானோசெகண்டில் தாமதம் வரும். 6000 வேகத்தில் சிஎல்30 என்றால் 10. அதே வேகத்தில் சிஎல்36 என்றால் 12. ரைசன் 7000 வரிசைக்கு 6000 நல்ல இடம், பிராசசருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரே கிளாக்கில் ஓடும். அங்கே எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) ஆட்டோவில் விடாமல் 1.2-இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் 1.25 வரை ஏற்றுங்கள். 2023-இல் சில ரைசன் எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிய பிறகு ஏஎம்டி வைத்த உச்சவரம்பு 1.3.

டைமிங்கில் (ரேமின் காத்திருப்பு அளவுகள்) எல்லாரும் சிஎல்லையே கட்டிக்கொண்டு அழுவார்கள். பலன் அதிகம் கிடைப்பது டிஆர்எஃப்சி (tRFC), டிரெஃபி (tREFI) இரண்டிலும்தான். ரேம் செல்கள் சார்ஜைப் புதுப்பிக்கும்போது படிக்கவோ எழுதவோ முடியாது. அந்த நேரம் டிஆர்எஃப்சி. 16 ஜிகாபிட் டிடிஆர்5 சிப்புக்கு நிர்ணய அளவு 295 நானோசெகண்ட், அதாவது 6000 வேகத்தில் 885 கிளாக். 700, 600 என்று படிப்படியாகக் குறையுங்கள். எத்தனை கிளாக்குக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பது டிரெஃபி. இதைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் சூட்டில் செல்கள் சீக்கிரம் சார்ஜ் இழக்கும். சோதனையில் பாஸ் ஆன ரேம், கிராபிக்ஸ் கார்டின் அனல் பட்டதும் கேமில் கவிழ்வது இதனால்தான். ரேம் 50 டிகிரியைத் தாண்டாமல் காற்று வரட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு, விண்டோஸுக்குள் போகும் முன்பே பென் டிரைவிலிருந்து ரேம் சோதனை மென்பொருளான மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5, ஒய்-க்ரஞ்சர் சோதனைகள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். டிடிஆர்5-இல் முதல் பூட் சில நிமிடம் கருப்புத் திரையாகவே இருக்கும், ரேமுக்கு ஏற்ற அளவுகளை போர்டு தேடும் ரேம் டிரெயினிங் நடக்கிறது. பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள். நிஜமாகவே நின்றுவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு கிளியர் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள்.

இப்போது பிராசசர். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும்: 1.25-ஐ 1.35 ஆக்கினால், அதே வேகத்திலேயே சுமார் 17 சதவீதம் கூடுதல் சூடு. அதனால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, தடுமாறினால் மட்டும் 10 மில்லிவோல்ட் சேருங்கள். லோட்லைன் காலிப்ரேஷனை (லோட் ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் அமைப்பு) உச்சத்தில் வைக்காதீர்கள்: லோட் சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும், அந்தத் துள்ளல் எந்த மென்பொருளிலும் தெரியாது. நடு அளவு போதும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை என்றால், 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடோ (பிராசசரின் உள் நிரல்) அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸ் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

ரைசனில் வேகத்தைப் பூட்டுவதைவிட கர்வ் ஆப்டிமைசரில் (ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் கூட்டிக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) மைனஸ் எண் கொடுத்து வோல்டேஜைக் குறைப்பதே மேல். ஆனால் இது பெரும்பாலும் ஃபுல் லோடில் கவிழாது. ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போது, சும்மா பிரவுசர் திறந்திருக்கையில் ரீஸ்டார்ட் ஆகும். எனவே கோர் கோராகச் சோதியுங்கள். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ (வன்பொருள்) பிழை இருந்தால் அதில் ஏபிஐசி ஐடி என்ற எண் இருக்கும். 8 கோர் ரைசனில் அதை 2 ஆல் வகுத்து, மீதியை விட்டால் கோர் எண். 7 என்றால் கோர் 3. அந்த ஒரு கோரின் மைனஸை மட்டும் 5 குறைத்து (மைனஸ் 20 என்றால் மைனஸ் 15) மறுபடி ஓட்டுங்கள்.