ஒரு பார்ட்டி கேட்குது

வீட்டை விற்கப் போட்டால் எத்தனை நாளில் ஆள் வரும் என்று என்னிடம் யாராவது கேட்டால், எந்த ஊர் வீடு என்றுதான் முதலில் கேட்பேன். 2023இல் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டை விற்கப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தவன் நான். ஒன்று, பாளையங்கோட்டை மகாராஜ நகரில் அப்பா கட்டிய வீடு, 6 செண்ட், உழவர் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். இன்னொன்று டொரண்டோ ஸ்கார்பரோவில் நாங்கள் ஆறு வருடம் குடியிருந்த டவுன்ஹவுஸ். ஸ்கார்பரோ வீடு 41 நாளில் முடிந்தது. பாளையங்கோட்டைக்குப் பத்து மாதம். ஆனால் முதல் விலை எங்கே சீக்கிரம் வந்தது என்று பார்த்தால் பாளையங்கோட்டையில்தான், மூன்றாவது நாளே.

இரவு இரண்டு மணிக்கு போன். நம் ஊரில் அப்போது காலை பதினொன்றரை, தரகருக்கு அது தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. “தம்பி, ஒரு பார்ட்டி 70க்குக் கேட்குது. என்ன சொல்ல?” நாங்கள் சொன்ன விலை 95 லட்சம். தூக்கக் கலக்கத்தில் “பார்ட்டி யாரு அண்ணாச்சி?” என்றேன். “நல்ல பார்ட்டி” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னொரு பார்ட்டி, 75. பிறகு 72. மூன்று மாதம் கழித்துத்தான் அக்கா உடைத்துச் சொன்னாள். “ஏ தம்பி, அப்படி ஒரு ஆளே கிடையாதுடே. நீ எவ்வளவுக்கு இறங்குவேன்னு அவரு ஆழம் பாக்காரு.” நான் அந்த 70க்கும் 75க்கும் உட்கார்ந்து, மனைவியோடு சண்டையெல்லாம் போட்டிருக்கிறேன்.

நிஜ ஆட்களும் வந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. வந்தவர்கள் விலை சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், அக்கா கொடுத்த காபியைக் குடிப்பார்கள், மாடிப்படி எந்த மூலையில் ஏறுகிறது என்று ஒருவர் காம்பஸ் வைத்தே பார்த்தார். பிறகு “வீட்டுல கலந்துட்டுச் சொல்லுதேன்” என்று போவார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும்தான் அங்கே கூட்டம், ஏனென்றால் பாளையங்கோட்டையில் வீடு தேடுகிறவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வருகிறவர்கள். ஜூனில் பள்ளி திறந்துவிட்டால் அந்த அவசரம் போய்விடும். அப்புறம் ஆடி. ஆடியில் தரகர் போனே எடுக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. அம்மாவும் 2021இல் போன பிறகு வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. வில்லங்கத்தை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்திலேயே போட்டுப் பார்த்துவிடுகிறார்கள், அதனால் வருகிறவர்கள் எல்லா விவரத்தோடும்தான் வருகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் தேதியில் பத்திரப்பதிவுக் கட்டணம் 4 சதவீதத்தில் இருந்து 2 ஆனது, முத்திரைத் தீர்வையோடு சேர்த்தால் 11 என்பது 9. நல்ல செய்தி என்று நான் துள்ளினேன். கூடவே, இந்தக் கட்டணங்களைக் கணக்குப் போட அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பையும் 2017க்கு முந்தைய அளவுக்கே ஏற்றிவிட்டார்கள் என்பதை ஒரு பார்ட்டிதான் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

பட்டாவை அக்கா அலைந்து மாற்றிவிட்டாள். மாற்ற முடியாதது நான் வெளிநாட்டில் இருப்பது. எனக்குப் பதிலாக அக்காவே விற்கலாம் என்று, டொரண்டோ இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அவளுக்குப் பவர் அனுப்பினேன், அது இந்தியா வந்து சேர்ந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்தாக வேண்டும், அதையும் செய்தோம். ஆனாலும் பவர் என்ற வார்த்தையைக் கேட்டாலே பார்ட்டி ஒரு அடி பின்னால் போவார். அதை மீறி வந்தவர்களை வரி விரட்டியது. உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டினால் முடிந்தது. விற்கிறவன் வெளிநாட்டில் குடியிருந்தால் அப்போது 20 சதவீதம், அதன் மேல் செஸ்ஸும் இன்ன பிறவும். லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று வருமான வரி அலுவலகத்தில் சான்று வாங்கிக் கொடுக்காவிட்டால் என் பங்குப் பணம் முழுவதற்கும் பிடித்துவிடுவார்கள். பிடித்த வரியைக் கட்டுவதற்கென்றே வாங்குகிறவர் அப்போது டான் எண் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலை 23 முதல் அந்த 20 என்பது 12.5 ஆகிவிட்டது, ஆனால் விலைவாசி ஏறியதைக் கணக்குப் பார்த்து லாபத்தில் கழிக்கிற சலுகையை எடுத்துவிட்டார்கள், உங்கள் மாதிரிப் பழைய வீட்டுக்குப் பழைய கணக்கே தேவலை என்றார் ஆடிட்டர். சேரன்மகாதேவியில் இருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் இந்த டான் எண் விஷயத்தை வீடியோ காலில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். “வீடு வாங்க வந்தேன் தம்பி, ஆபீஸ் வைக்க வரல” என்றார். நியாயம்தான்.

சுலபமான வழி சொன்னவர்களும் உண்டு. கணக்கில் பாதி, கையில் பாதி. அதற்கு ஒத்துக்கொண்டிருந்தால் ஆவணிக்குள் விற்றிருக்கலாம், விலையும் நாலைந்து லட்சம் கூடவே வந்திருக்கும். எனக்கு ஒழுக்கம் முற்றிப்போய் மறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். வங்கி வழியாக வந்து, ஆடிட்டர் சான்று கொடுத்தால்தான் பணம் கனடாவுக்குப் போகும். கையில் வாங்குகிற பாதியை எப்படிக் கொண்டுபோவது, அல்வா டப்பாவிலா?

இந்த நேரத்தில்தான், செப்டம்பரில், ஸ்கார்பரோ வீட்டையும் போட்டோம். மோசமான நேரம். 2022 மார்ச் ஆரம்பத்தில் கால் சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு வந்து நின்றது. 2022 தொடக்கத்தில் விற்றவர்களெல்லாம் ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து ஓஃபர் வந்ததாகச் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கேட்டே எனக்கு வயிறெரிந்தது. எங்கள் ஏஜென்ட் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டை வந்து பார்த்தவர் முதலில் சொன்னது, “அண்ணை, ஒரு மாசத்துக்கு மீன் பொரிக்க வேண்டாம்.” சாமி படங்கள், கல்யாண போட்டோ, பத்தமடைப் பாய் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போயின. எங்கள் வீட்டில் நாங்கள் இருந்த தடமே தெரியக்கூடாது என்பதுதான் அங்கே விதி. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் நாங்கள் வெளியே போய்விட வேண்டும், பிள்ளைகளோடு காருக்குள் உட்கார்ந்து, நம் வீட்டுக்குள் விளக்கு எரிவதைத் தெருமுனையில் இருந்து பார்க்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. “வாறவனுக்குக் காபி யாரு கொடுப்பா?” என்றாள்.

மூன்று வாரம் மௌனம். பொய் பார்ட்டிகூட இல்லை. 23ஆம் நாள் முதல் ஓஃபர் வந்தது, காகிதத்தில், அன்று இரவு 11 மணி வரைதான் செல்லும் என்று நேரம் போட்டு. கேட்ட விலையில் 60 ஆயிரம் டாலர் குறைவு. நாங்கள் விலையைத் திருத்தி அனுப்பினோம், அவர்கள் வரவில்லை. 41ஆம் நாள் இன்னொன்று. வங்கிக் கடனுக்கு ஐந்து வேலைநாள் அவகாசம், வீட்டைச் சோதித்துப் பார்க்க அதே அவகாசம் என்ற நிபந்தனைகளோடு. கையெழுத்துப் போட்ட மறுநாள் முன்பணம் வந்தது. ஆறாவது நாள் எல்லாம் உறுதி. வாங்கியவர்களின் முகத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்றும் மறுநாளும் பெய்த மழை திருநெல்வேலிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவது நமக்குப் பழகியதுதான், ஆனால் ஜங்ஷனில் தண்ணீர் நின்ற படங்கள் வாட்ஸ்அப்பில் வரவர எனக்குக் கை நடுங்கியது. ஒன்றரை நாள் அக்காவின் போன் கிடைக்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, நான் வேலைக்குப் போகாமல் அதே எண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பற்றி அந்த ஒன்றரை நாளும் எனக்கு நினைவே வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. அவள் பேசியதும் “நீ எப்படி இருக்கே”க்கு அடுத்து, “வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா” என்றுதான் கேட்டேன். முதல் படி வரை வந்து நின்றிருக்கிறது.

அந்தப் படிதான் வீட்டை விற்றது. தை பிறந்ததும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி, தண்ணி எதுவரை வந்துச்சு. சுவரில் கறை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோமா என்று நகத்தால் சுரண்டியே பார்த்தார். பத்து மாதமாக மங்கிக் கிடந்த வெள்ளையடிப்பு அன்றைக்குத்தான் உதவியது. வள்ளியூர்ப் பக்கத்து ஆள், மகன் துபாயில் இருக்கிறான், பவர், டான் எல்லாம் அவர்களுக்குப் புதிதில்லை. “88. இதுக்கு மேல நம்மால முடியாது” என்று அக்காவிடம் நேரடியாகச் சொன்னார். பத்து மாதத்தில் ஆளோடு வந்த முதல் விலை அதுதான். வெற்றிலை பாக்கோடு ஒரு லட்சம் அச்சாரம், மூன்று மாத அக்ரிமெண்ட். பத்திரத்துக்கு நான் நேரில் போனேன்.

பதிவு முடிந்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். இந்தப் பத்து மாதமும், யார் வீடு பார்க்க வந்தாலும் காம்பவுண்டு சுவரோரம் வந்து நின்றவர். ஏதோ வேடிக்கை பார்க்கிறார் என்றே அக்காவும் நானும் நினைத்திருந்தோம். மயினி காபி கொண்டுவந்தார்கள். என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“சின்னவனுக்குன்னு நான் தொண்ணூறு எடுத்து வச்சிருந்தேன் தம்பி.”

எனக்கு வாய் வரவில்லை. பிறகு மெதுவாக, ஏன் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன்.

“வித்தது நீ. நானா வந்து கேப்பேன்?” என்றார்.